தாழ்ந்த வாசல்

அந்தக் கோட்டை நகரத்தின் மேற்கு வாசல் என் நெஞ்சளவு உயரம்தான். ஊரைப் பிடித்தவர்கள் பழைய வாசலை இடித்துவிட்டு இப்படிக் கட்டினார்களாம். துரத்தப்பட்டவர்கள் திரும்பி வந்தால் தலை குனிந்துதான் வர வேண்டுமாம். வழிகாட்டி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சுற்றிப் பார்க்க வந்தவர்களும் சிரித்துக்கொண்டே குனிந்து போனார்கள். பத்தடிக் கனமான சுவரை நானும் குனிந்தே கடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி பவளக்கொடி வெளியிலேயே நின்றாள். அன்றைக்குத் துரத்தப்பட்டவர்கள் அவளுடைய பாட்டன் பூட்டன்கள்.

“லேசா குனிஞ்சா போதும்மா,” என்றார் வழிகாட்டி.

“குனிய மாட்டேன்.”

“அப்போ வெளியவே நிக்க வேண்டியதுதான்.”

“அதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினாள். கழுத்தை நிமிர்த்தி வைத்தபடி, அந்த முட்டி வலியோடு, வாத்து மாதிரி அடியடியாக நகர்ந்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். பாதி வழியில் தடுமாறி, பக்கச் சுவரில் கையை ஊன்றினாள். ஊன்றிய கையை எடுக்கவே இல்லை.

“ஏங்க, இங்க வாங்க.”

குனிந்து போனேன்.

“அப்படி இல்ல. குந்தி வாங்க.”

குந்தினேன். அவள் கை இருந்த இடத்தில் என் கையைப் பிடித்து வைத்தாள். கருங்கல் அங்கே ஓர் உள்ளங்கை அளவு குழிந்து, வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓரடி தள்ளி, குந்திப் போகிறவர் கை ஊன்றும் அதே உயரத்தில், இன்னொரு குழி. அதற்கப்பால் இன்னொன்று.