பத்து நிமிடச் சண்டை

"ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை வாட்டி..."

"ஆரம்பிச்சிட்டியா? உங்கம்மா வளர்த்த லட்சணம்..."

"எங்கம்மாவை இழுக்காதீங்க!"

"இழுப்பேன்! நீ ஊருக்குப் போன நாலு நாள்தான் நான் நிம்மதியா இருந்தேன்!"

மணி அடித்தது. ஆய்வுக்கூடப் பெண் வந்து இருவர் விரல்களிலும் மாட்டியிருந்த ஒயர்களைக் கழற்றினாள்.

"போதும். கோபத்துல இதயத் துடிப்பு எப்படி மாறுதுன்னு பார்க்கத்தான் சண்டை போடச் சொன்னோம். பிரமாதமா நடிச்சீங்க!"

கணவர் சிரித்தபடி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவளோ இருவரின் துடிப்பும் கோடுகளாகப் பதிவாகியிருந்த திரையைப் பார்த்தாள்.

"இவரோட கோடு முழுக்க எகிறுதே, கடைசியில மட்டும் ஏன் அடங்கியிருக்கு?"

"நீங்க ஊருக்குப் போனதை அவர் சொன்ன இடம் அது. அப்ப மட்டும் சார் ரொம்ப அமைதியா இருந்திருக்கார்."

மனைவி குழப்பத்தோடு திரும்பினாள்.

"ஏங்க, அதையும் நடிப்புக்குத்தானே சொன்னீங்க?"