ஏழாவது சுற்று

ஆறு சுற்றில் மதகு ஷட்டர் நின்றுவிட்டது.

அவள் கைப்பிடியை விட்டாள். அதற்கு மேல் முயலவில்லை. நேற்றும் முயலவில்லை.

பத்துச் சுற்று திறக்கச் சொல்லி உத்தரவு. அணையில் பதினோரு அடி தண்ணீர் இருக்கிறது. எட்டு அடிவரை வயலுக்கு விடலாம். அதற்குக் கீழே இருப்பது ஊர் குடிப்பதற்கு. பத்துச் சுற்று திறந்திருந்தால் ஒரு நாளைக்கு ஒரு சாண் இறங்க வேண்டும். இரண்டு நாளில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலேதான் இறங்கியிருக்கிறது.

ஆறு சுற்றுத் தண்ணீர் வாய்க்காலில் பாதி தூரம் போகும். கடைமடைக்குப் போகாது.

கடைமடையில் பூங்காவனத்துக்கு முக்கால் ஏக்கர் நெல். கதிர் பால் பிடிக்கிற நேரம்.

மேலே யாருக்கும் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மெக்கானிக் வந்து சரிசெய்துவிடுவான். திருகு இறுகிக் கிடப்பதற்கு அவளா பொறுப்பு? காய்ந்தால் காயட்டும். இரண்டு நாளாகத்தான் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்.

ஷட்டர் வேலை அவள் கணவன் ஏகாம்பரம் பார்த்தது. அவன் போய் நான்கு மாதம் ஆகிறது. வேலை அவளுக்கு வந்தது. தாலி கட்டிக்கொண்டவள் அவள்தானே. பூங்காவனத்தின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆனால் சாவன்று வேலிக்கு வெளியே நின்று பூங்காவனம் அழுத அழுகையைத்தான் ஊர் பேசியது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கரைமேல் யாரோ நடந்து வந்தார்கள்.

பூங்காவனமேதான். இளைத்திருந்தாள். இளைத்தும் அழகாகத்தான் இருந்தாள், பாவி.

சண்டைக்குத்தான் வருகிறாள் என்று அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கெஞ்ச வந்திருந்தால் இன்னும் நல்லது. நான்கு மாதமாகச் சொல்லக் காத்திருந்ததெல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

பூங்காவனம் கெஞ்சவில்லை. மேடை ஏறாமல் கீழேயே நின்றாள். தண்ணீரில் நிற்கும் அளவுகோலைப் பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பார்த்தாள்.

"ஆறுல நிக்குதாக்கா? அது அப்படித்தான் நிக்குமாம். பலமா திருப்பக் கூடாது. ஒரு சுத்து பின்னால வந்து, கொஞ்சம் மூச்சு விட்டு, மறுபடியும் போவணும்னு சொல்லுவாரு."

சொல்லுவாராம்.

இருபத்திரண்டு வருஷம். அவளிடம் அவன் இந்த ஷட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வருவான், சாப்பிடுவான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான். பேச்சு வராத மனுஷன் என்றே நினைத்திருந்தாள். அங்கே போய் ஒவ்வொரு சுற்றாகச் சொல்லியிருக்கிறான்.

அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கைப்பிடியைப் பின்னால் ஒரு சுற்று சுற்றினாள். மூச்சு விட்டாள். முன்னால் தள்ளினாள்.

ஆறு.

ஏழு.

எட்டு.

ஒரு தடங்கலும் இல்லை. பத்தில் நிறுத்தினாள். கீழே தண்ணீர் இரைந்துகொண்டு வாய்க்காலுக்குள் பாய்ந்தது.

பூங்காவனம் அதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள். தண்ணீர் வருவதற்குள் போய் மடையை வெட்டிவிட வேண்டும்.

"நில்லு" என்றாள் அவள்.

பூங்காவனம் நின்றாள்.

கைப்பிடியை விடாமல், அந்த முகத்தைப் பார்க்காமல், கேட்டாள்.

"வேற இன்னா சொல்லுவாரு?"