ஆய்வாளர் வீட்டுச் சம்பந்தம்

ஜிஜாவின் தந்தை ரெத்தினதாஸ் ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர். மகளுக்குச் சம்பந்தம் பேச அவர் வருகிறார் என்றதும், வெள்ளறடை ஊர்க்காரன் ஜிபின் தன் பழைய ஜப்பான் காரின் எஞ்சினில் விதியை மீறி ஆசை ஆசையாய்ச் செய்திருந்த மாற்றங்களையெல்லாம் கழற்றிவிட்டான். கல்யாணம் கைகூட வேண்டுமே!

வந்தவர் சாவியை வாங்கி, ஜிபினையும் ஏற்றிக்கொண்டு அம்பூரி ஏற்றத்தில் காரைச் செலுத்தினார். அது மூச்சுவாங்கி ஊர்ந்தது.

"எஞ்சின்ல ஒண்ணும் கைவைக்கல்லியா மக்கா?"

"இல்ல மாமா. கம்பெனியில இருந்து வந்தபடியாக்கும்," என்றான் ஜிபின் பெருமிதத்துடன்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அப்போ இந்தச் சம்பந்தம் வேண்டாம். ஓட்டிப் பாத்துட்டு வரச் சொன்னதே ஜிஜாவாக்கும். எங்க வீட்டு வண்டிய டியூன் பண்ணி இதே ஏத்தத்துல பறக்கவிட்டவளுக்கு, இந்தக் காளவண்டிக்காரன் ஒத்துவரமாட்டான் மக்கா."