எஜமானரின் நன்றிச் சீட்டு

போதகர் சீட்டைப் பிரித்ததும் எங்கள் எஜமானர் எல்நாதன் எழுந்து நின்றார்.

எங்கள் சபையில் அதுதான் வழக்கம். நோயிலிருந்து பிழைத்தவர் நன்றிச் சீட்டு கொடுப்பார். போதகர் அதை வாசித்து முடிக்கும்வரை தலைகுனிந்து நிற்பார்.

எழுதியது எஜமானர் இல்லை, சில்பா. வீட்டில் பாட்டுக் கட்டும் அடிமை ஒருத்தி இருக்கும்போது அவர் எதற்குக் கையை நோகடித்துக்கொள்ள வேண்டும்?

அவள் பாட்டென்றால் பாஸ்டன் விருந்தாளிகளுக்கு உயிர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்ததற்கு நன்றி. கப்பலின் அடித்தளத்தில் அடைத்ததற்கும் நன்றி. கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு இன்னொரு துண்டு கேக் கேட்பார்கள். கொண்டுபோய் வைப்பது நான்.

வெள்ளிக்கிழமை அவளைக் கரோலினாவுக்குக் கப்பலேற்ற ஏற்பாடு. எஜமானரின் மகளுக்குச் சீதனம். அதற்கும் ஒரு நன்றிப்பாட்டு எழுதச் சொல்லியிருந்தார், மகராசன்!

நன்றியைத் தவிர அவள் வேறென்ன எழுதிவிடப் போகிறாள்? சீட்டைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒன்பது நாள் காய்ச்சலிலிருந்து மீட்ட கர்த்தருக்கு நன்றி என்று போதகர் வாசித்தார். எஜமானரின் தலை பணிவாக ஆடியது.

பிழைத்தால் சில்பாவை விடுதலை செய்வேன் என்று படுக்கையில் செய்த பொருத்தனையை இன்று நிறைவேற்ற வைத்த கர்த்தருக்கு நன்றி என்றும் வாசித்தார்.

தலை ஆடுவது நின்றது.

சபையே ஆமென் என்றது. போதகரின் மனைவி விசும்பினார். காய்ச்சலில் சொன்னது எதுவும் எஜமானருக்கு நினைவில்லை. ஆனாலும் முதல் வரிசைக்காரர் கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை ஊர் பார்க்க மறுக்க முடியுமா? கடைசியாக அவரும் ஆமென் என்றார். மாடியில், அடிமைகளின் பெஞ்சில், நான் சில்பாவின் கையை இறுகப் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"நீதானே ராப்பகலா பக்கத்துல இருந்த? நான் அப்படி ஏதாச்சும் சொன்னேனாடி?"

"மூணு தரம் சொன்னீங்க எஜமான். கண்ணுல தண்ணி வேற."

திங்கட்கிழமை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். இந்த முறை நன்றாகப் படித்துப் பார்த்துத்தான்.

சில்பா இப்போது பின்தெருவில் தையல் வேலை பார்க்கிறாள். சந்தைக்குப் போகிற சாக்கில் அவளிடம் எழுத்துப் படிக்கிறேன்.

அந்த ஒன்பது நாளும் எஜமானர் வாயிலிருந்து வந்தது "தண்ணி" என்ற ஒரு வார்த்தைதான்.

குளிர்காலம் வந்தால் அவருக்கு மறுபடி காய்ச்சல் வரும், இன்னொரு நன்றிச் சீட்டும் வேண்டியிருக்கும். அதற்குள் நான் என் பெயரையாவது எழுதப் பழகிவிட வேண்டும்.