பத்து வார்த்தைச் சீட்டு

“இது யாரு கையெழுத்து சார்?”

மளிகைக்கடை உத்திராபதி சீட்டை மேசைமேல் வைத்த வைப்பில் மைக்கூடு ஆடியது. பள்ளி விட்டு, பிள்ளைகள் எல்லாம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்கள். அவருடைய மகள் வள்ளியம்மை மட்டும் வகுப்பறைக் கதவோரம் தலை குனிந்து நின்றாள்.

“என்னுதுதாங்க,” என்றார் வாத்தியார் தேவநாதன். வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகாதவர். உத்திராபதி கடையை விட்டு ஓடிவந்ததே அதனால்தான்.

“இன்னா எழுதியிருக்குது இதுல?”

“பத்து இங்கிலீஷ் வார்த்தைங்க. கொஞ்சம் கஷ்டமானது. தினம் பத்து கத்துக்கிட்டா பதினோராம் கிளாஸ் பரீட்சையில நல்ல மார்க் வரும்.”

“அப்போ போர்டுல எழுதுங்க. நாப்பது பிள்ளைங்க இருக்குது. எம் பொண்ணுக்கு மட்டும் இன்னாத்துக்குத் தினம் ஒரு சீட்டு?”

வாத்தியார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போர்டுல நாளைக்கு எழுதுவேங்க.”

அப்படியானால் முந்தின நாளே இவளுக்கு மட்டும் தனிக் கவனிப்பா! உத்திராபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு இங்கிலீஷ் தெரியாதுதான், ஆனால் கலப்பட எண்ணெயை முகர்ந்தே கண்டுபிடிக்கிற மூக்கு. இங்கே ஏதோ சரியில்லை என்று அந்த மூக்கு சொல்லிக்கொண்டே இருந்தது.

“சரி, நாலாவதா இருக்குதே, அதுக்கு இன்னா அர்த்தம்? சொல்லுங்க பாப்போம்.”

வாத்தியார் குனிந்து சீட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக வள்ளியம்மையைப் பார்த்தார். அவளும் நிமிர்ந்து, உதட்டை மட்டும் லேசாக அசைத்தாள்.

“இந்தாங்க சார்! கேட்கிறது நானு, கண்ணு அங்க இன்னாத்துக்குப் போவுது? எம் முன்னாலயே சாடையா?” உத்திராபதி கத்தினார். “தை பொறந்ததும் இவளுக்குக் கல்யாணம். சிங்கவரத்துல மாமன் மகன் காத்துக்கினு இருக்கிறான். நாளையிலேர்ந்து இவ பள்ளிக்கூடம் வரமாட்டா!”

“வேணாம் நைனா! பரீட்சை மட்டும் எழுதிக்கிறேன் நைனா!” வள்ளியம்மைக்கு அழுகை வெடித்தது. “சார், நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க சார்!”

“சொன்னா என் வேலை போயிடும்மா.”

“பாத்தியா, அவரு வாயாலயே வந்துடுச்சு!”

உத்திராபதி மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசல்வரை இழுத்துப் போனார். பாவம், படிப்பு அதோடு முடிந்தது என்றே அவள் நினைத்தாள்.

வாத்தியார் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“வேலை போனாப் போவுது. அவளை நிறுத்திடாதீங்க! நான் கணக்கு வாத்தியாருங்க. இங்கிலீஷ் வாத்தியார் மாத்தலாகிப் போனதும் அதையும் என் தலையில கட்டிட்டாங்க. உங்க கடைக்குப் பொட்டலம் மடிக்க வர்ற இங்கிலீஷ் பேப்பரை எல்லாம் ஒண்ணு விடாமப் படிச்சு வெச்சிருக்கிறா உங்க பொண்ணு. சாயங்காலம் நான் எனக்குத் தெரியாத வார்த்தையைச் சீட்டுல எழுதிக் கொடுத்து, காலையில அவ எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாத்தாங்க, நான் கிளாஸ் எடுக்கவே முடியுது!”