அட்டு தீவுக்குப் படகு

அட்கா தீவின் பள்ளிக்கூட வாசலில், நாற்பத்தொன்பது நட்சத்திரம் தைத்த கொடி பனிமூட்டத்தில் நனைந்தபடி மேலேறுகிறது. அலாஸ்கா அமெரிக்காவின் நாற்பத்தொன்பதாவது மாநிலமாகிவிட்டதாம், சனம் கைதட்டுகிறது. மாத்ரோனாவின் கைகள் மட்டும் மடியிலிருக்கும் சிறு மரப்பெட்டியை விடவில்லை. உள்ளே மகன் யெஃபீமின் சாம்பல். உலகப்போரில் ஜப்பானியர் அவளுடைய அட்டு தீவின் சனம் மொத்தத்தையும் தங்கள் நாட்டுக்குப் பிடித்துப்போனபோது, அங்கே பசியில் செத்த பிள்ளை. ஆயிரமாயிரம் ஆண்டாக அவள் முன்னோர் கடல்நாய் வேட்டையாடிய தீவு அட்டு. ரஷ்யர் அந்த விலங்கின் ரோமத்துக்காக வந்தபோதும், அமெரிக்கருக்கு விற்றுவிட்டுப் போனபோதும் காலியாகாத தீவு. போர் முடிந்ததும் மிஞ்சியவர்களை அமெரிக்க அதிகாரிகள் ஊருக்கு விடாமல் இங்கே அட்காவில் இறக்கிவிட்டார்கள். பதினான்கு வருடமாகிறது; அட்டு மண்ணில் புதைக்கவென்றே பெட்டியைக் காத்துவருகிறாள். வாத்தியார் புதிய வரைபடத்தை விரிக்கிறார். மேற்கு ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி. "இது எங்க அட்டுதானே சார்? இனிமே அங்க படகு விடுவாங்களா?" என்று கேட்கிறாள் மாத்ரோனா. "அங்கதான் ஆளே இல்லியேம்மா, யாருக்கு விடுறது?" என்கிறார் அவர், கனிவாகவே. கொழுந்தன் இன்னொகெந்தி பல்லைக் கடிக்கிறான். "ஆளுங்க நாங்கதான் இங்க நிக்கிறோமே! விடு அண்ணி, அடுத்த கோடையில பாப்போம்." கொடிக்கயிறு கம்பத்தில் டொக் டொக்கென்று அடிக்கிறது. மாத்ரோனா எழுந்துகொள்கிறாள். "மண்வெட்டிய எடுத்துக்கிட்டு கோயிலுக்குப் பின்னால வாடா," என்கிறாள். "இங்கயே குழி வெட்டிடு."