வாராவாரம் உயிர்ச்சான்று

“போன திங்கட்கிழமையும் கடிதம் தந்தனான் அல்லோ, ஐயா? உங்களுக்கு என்ன விசரே?”

கந்தோரிலை நிண்ட சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்துது. அண்டைக்கு எனக்குச் சரியான கோபம். ஊர்ச்சனத்துக்கெல்லாம் அத்தாட்சி எழுதிக் குடுக்கிற விதானை வேலை எண்டாலே தலையிடி. அதுக்குள்ளை இந்தச் சோமசேகரத்தார் வேறை.

தபால் கந்தோரிலை வேலை செய்து பென்சன் எடுத்த மனிசன். எழுபத்தொரு வயசு. மூண்டு தங்கச்சிமாரைக் கரைசேர்த்துக் கனடாவுக்கும் அனுப்பிப்போட்டு, தான் கலியாணம் கட்டாமலே இருந்திட்டார்.

பென்சன்காரர் உயிரோடை இருக்கினம் எண்டு நான் வருசத்துக்கு ஒருக்காக் கடிதத்திலை கையெழுத்து வைச்சுக் குடுத்தால் போதும். இவரோ நாலு மாதமா ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து நிக்கிறார்.

“போன கிழமைக் கடிதம் எங்கை?”

“அது... துலைஞ்சு போச்சுது, பிள்ளை.”

“அதுக்கு முந்தினது?”

“அதுவுந்தான்.”

வரிசையிலை நிண்ட லூர்த்தம்மாக்கா பகிடி விட்டா. “கலியாணம் கட்டியிருந்தால் மனிசிக்காரி வீட்டிலை பிடிச்சு இருத்தியிருப்பா. அண்ணைக்குப் பொழுது போகேல்லைப்போலை!”

எல்லாரும் சிரிச்சினம். பொய் சொல்லுவானேன், நானும் சிரிச்சனான்.

“இனி அடுத்த தை மாதம் வாங்கோ. அதுக்கு முன்னம் வந்தால் கையெழுத்து இல்லை, சொல்லிப்போட்டன்.”

அவர் போகேல்லை. சனம் குறையுமட்டும் சுவரோடை நிண்டு, பிறகு மேசைக்குக் கிட்ட வந்தார்.

“பிள்ளை, என்ரை பக்கத்து வளவு செல்வத்துரையின்ரை சாவுக்கு நீங்கள்தானே அறிக்கை எழுதினது?”

“ஓம்.”

நாலு மாதத்துக்கு முந்தி. அவரும் தனிக்கட்டை. செத்து அஞ்சாம் நாள், மணம் வந்தாப்பிறகுதான் கதவை உடைச்சவை.

“அந்த அஞ்சு நாளும் நான் வேலிக்கு இங்காலைதான் இருந்தனான். ஒவ்வொரு நாளும், ஆள் மருதனார்மடம் சந்தைக்குப் போயிட்டான் எண்டு நினைச்சன்.” அவர் சேட்டுப் பையைத் தடவினார். “எனக்குக் கடிதம் தேவையில்லை, பிள்ளை. கிழமைக்கு ஒருக்கா என்னைக் கண்டு ஏசுறதுக்கு, உங்களை விட்டால் ஆரிருக்கினம்?”

வெக்கத்தோடை கதிரையை அவர் பக்கம் இழுத்துவிட்டன்.

அவர் சேட்டுப் பைக்குள்ளை இருந்து ஒரு திறப்பை எடுத்து மேசையிலை வைச்சார்.

“வீட்டுக் கதவுத் திறப்பு. ஒரு திங்கள் நான் வராட்டில், செவ்வாய்க்கிழமை திறந்து பாருங்கோ.”